டாஷ்போர்டுக்கு அடியில் அந்தோனியார்

கடைசியாக ஒருமுறை துடைத்துவிடலாம் என்று டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்த கிருஷ்ணராசா, அங்கே அந்தோனியாரைக் கண்டார்.

தீப்பெட்டி அளவு ஸ்டிக்கர். பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில், குழந்தை யேசுவைத் தூக்கிக்கொண்டு புனிதர் சாந்தமாக நின்றார். அவருடைய காலடியில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: 'பெனடிக்ற் ஓட்டோ எலக்ட்ரிக்ஸ், இல்ஃபோர்ட்'.

கிருஷ்ணராசா தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். நடுவர் ஜெப்ரி வரிசையில் மூன்றாவது காருக்குள் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணராசாவின் கார் பதினோராவது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஜூலை மாத ஞாயிறு. ரொம்ஃபோர்ட் பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தில் ரோடிங் கிட் கார் சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சி. ஒரு காரைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வாங்கி, வீட்டுக் கராஜில் வைத்துத் தாங்களே பூட்டி முடிக்கிறவர்களின் சங்கம் அது. முதன்முறை காரைக் கொண்டுவருகிறவருக்குப் பரிசோதனை நடக்கும். தேறினால் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஆனால் விதி ஆறு என்று ஒன்று உண்டு: வெளியாள் கை ஒரு திருகாணியிலும் படக்கூடாது. போன வருடம் கொலின் என்பவருக்கு அவருடைய மச்சான் ஒரேயொரு கதவுக்குப் பெயின்ற் அடித்துக் கொடுத்திருந்தார். தலைவரும் நடுவருமான ஜெப்ரி, எல்லோர் முன்னிலையிலும் பேனையை எடுத்துச் சங்கப் பட்டியலில் கொலினின் பெயரை வெட்டினார். கொலின் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகிறார்.

கிருஷ்ணராசாவுக்கு மீன் பிடிக்க விருப்பமில்லை. டகெனாமில் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் உறைந்த கோழிப் பெட்டி தூக்கிப் பதினாறு வருடம். அங்கே அவர் பெயர் 'கிறிஸ்'. முள்ளந்தண்டில் இரண்டு வட்டு விலகியும் அந்தப் பெயர் ஓர் எழுத்துக்கூட நீளவில்லை. இங்கேதான் ஜெப்ரி மூன்று மாதம் நாக்கைப் பழக்கி, 'கிருஷ்ணராசா' என்று முழுதாகக் கூப்பிட்டார். அந்த முழுப் பெயர் இன்றைக்குத் தகட்டில் ஏறும், இல்லையென்றால் பேனையால் வெட்டுப்படும்.

"இஞ்சருங்கோ, ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு?" மனைவி பாலாம்பிகை கேட்டாள். மடிப்பு மேசையில் வடை வாளியை வைத்துவிட்டு நின்றாள்.

"ஒண்டுமில்லை. வெயில்."

"வெயிலோ? நான் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு நிக்கிறன்."

ஆறு குளிர்காலம் கராஜை விட்டுக்கொடுத்தவள் அவள். சலவை மெசினைக் குசினிக்குள் இழுத்து வைத்துவிட்டு, அதற்கும் அடுப்புக்கும் நடுவில் பக்கவாட்டாக நடந்தே சமைத்தவள். குட்மேய்ஸில் ஒரு கலியாணவீடு, செத்தவீடு மிச்சமில்லாமல், "ஒரு கம்பி கூட மற்றவன்ரை கையில்லை, எல்லாம் இவர்" என்று சொல்லித் திரிந்தவளும் அவள்தான்.

கம்பியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. சேஸியைச் சுரண்டிப் பூசியது அவர். எஞ்சினைக் கப்பியில் தூக்கி இறக்கியது அவர். சீற்றைக்கூட அவரே தைத்தார், ஊசி ஏறிய தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது. வயரிங் மட்டும் சரிவரவில்லை. மூன்று தரம் முயன்றார். மூன்றாம் தரம் பக்கத்து வீட்டுக்காரி தீயணைப்புக்காரருக்குப் போன் அடித்துவிட்டாள். அதன் பிறகுதான், பாலாம்பிகை லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போன இரண்டு ஞாயிறுகளில், பெனடிக்ற் வந்து போனான். ஒரு போத்தல் விஸ்கியோடு விஷயம் முடிந்தது என்றுதான் கிருஷ்ணராசா நினைத்திருந்தார். அவன் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவான் என்று யார் கண்டது?

"அந்தப் பின்பக்கத்தைத் துடை, பாலா. புல்லு ஒட்டிக் கிடக்கு."

அவள் அந்தப் பக்கம் போனதும் சின்ன ஸ்குரூ டிரைவரோடு உள்ளே நுழைந்தார். ஸ்டிக்கருக்கு மேல் பெனடிக்ற் ஏதோ பசையை வார்த்திருந்தான். கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. காலடிப் பக்கமிருந்து சுரண்டினார். 'இல்ஃபோர்ட்' போயிற்று. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. 'எலக்ட்ரிக்ஸ்' போயிற்று. 'பெனடிக்ற்' பாதி போனபோது கை வழுக்கி, ஸ்குரூ டிரைவர் பக்கத்து வயரின் தோலைக் கிழித்து, அதைச் சேஸியோடு அழுத்தியது.

ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது.

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேநீர்க் கூடாரத்திலிருந்து ஒரு நாய் குரைத்தது. ஏழாவது காரிலிருந்து ஜெப்ரி நிமிர்ந்தார்.

"கிருஷ்ணராசா, ஏதாவது பிரச்சினையா?" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

"சோதிச்சுப் பார்க்கிறேன், சேர்."

கையில் பட்ட பியூஸைப் பிடுங்கினார். ஹோர்ன் நின்றது. மீதி எழுத்தையும் சுரண்டி முடித்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, பிறகு அதுவும் நின்றது. மறுபடி திருப்பினார். இருமல்கூட இல்லை.

நடுவர் முன்னால் எஞ்சினைக் கிளப்பிக் காட்டாவிட்டால் பரிசோதனையே கிடையாது. கிருஷ்ணராசா காருக்கு முன்புறம் குந்தி, மொபைலைக் காதுக்குள் திணித்தார்.

"பெனடிக்ற், உந்த ஹோர்ன் பியூஸைக் கழட்டினா ஏன் கார் ஓடுதில்லை?"

"அண்ணை, பெற்றோல் பம்பும் அதிலைதான் ஓடுது. ஏன் கழட்டினனீங்கள்?"

"ஒரு வயர் வெட்டுப்பட்டுப் போச்சு. என்ன செய்யிறது எண்டு போனிலை சொல்லும்."

"போனிலை சொல்லி உங்களுக்கு விளங்காது. இஞ்சைதான் நிக்கிறன், வாறன்."

"எங்கை?"

"கார் பார்க்கிலை. நான் ஒவ்வொரு வருசமும் வாறனான்."

"என்னத்துக்கு?"

"சும்மா, காத்து வாங்க."

"வராதேயும், ஐசே. கேக்குதோ? வராதேயும்."

போன் துண்டாயிற்று. எழுந்து பார்த்தால் பெனடிக்ற் வந்துகொண்டிருந்தான். முதுகில் தன் பெயர் தைத்த நீல ஓவரோல், கையில் கருவிப்பெட்டி, நெஞ்சை நிமிர்த்திக் கார் வரிசையின் நடுவால் நடந்தான். அவன் வரவர, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பினார்கள். ஒருவர் குனிந்து தன் ரயரைப் பார்த்தார். இன்னொருவர் பத்திரிகையை விரித்து முகத்தை மூடினார்.

கிருஷ்ணராசாவுக்கு நெஞ்சு எரிந்தது. "பார்த்தீரோ? எங்கடை ஆக்களைக் கண்டவுடனை மூஞ்சையைத் திருப்புறாங்கள்."

"விடுங்கோ அண்ணை, எனக்குப் பழகிப்போச்சு." பெனடிக்ற் காருக்குள் படுத்தான். ஒரு கணம் கழித்து உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "அண்ணை, அந்தோனியாரின்ரை காலை ஆர் சுரண்டினது?"

"அந்தோனியாரை ஆர் ஒட்டச் சொன்னது?"

"அவர் இல்லாமல் நான் ஒரு காரையும் வெளியிலை விடுறதில்லை."

"முதுகையாவது செவரோடை வைச்சுக்கொண்டு படும். பெயர் தெரியுது."

"இஞ்சை எங்கை செவர் கிடக்கு?"

பாலாம்பிகை துணியோடு திரும்பி வந்தாள். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். "ஆர் இது?"

"கிளப் ஆள். வந்து பார்க்கிறார்."

"தமிழ் ஆள் ஒருத்தர் கிளப்பிலை இருக்கிறதா நீங்கள் சொல்லேல்லையே."

"புதுசு."

அந்த நேரம் பார்த்து ஜெப்ரியின் மனைவி மோரீன் காகிதத் தட்டோடு வந்து சேர்ந்தார். வடை வாளி திறந்தால் மோரீன் மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் வந்துவிடுவார். அவரும் கால்களைப் பார்த்தார். "யார் அது, கிருஷ்ணராசா? உதவிக்கு ஆளா?"

உதவி என்ற சொல் விழுந்ததும் கிருஷ்ணராசாவுக்குக் கொலினின் ஞாபகம் வந்தது. "இல்லை, இல்லை. என் மனைவியின் தம்பி. களைப்பாக இருக்கிறான், கொஞ்சம் படுத்திருக்கிறான்."

"டாஷ்போர்டுக்கு அடியிலா?"

"அங்கே நிழல்."

மோரீன் பாலாம்பிகையிடம் திரும்பி, "உன் தம்பி உன்னைப் போலவே இருக்கிறான்" என்றார். இதுவரை அவர் கண்டது இரண்டு சப்பாத்துகளை மட்டும்தான்.

பாலாம்பிகை சிரித்த முகம் மாறாமல் வடையைத் தட்டில் வைத்தாள். அதே சிரிப்போடு தமிழில் கேட்டாள். "எனக்கு ஆரப்பா தம்பி? நான் ஒரே பிள்ளை."

"பிறகு சொல்லுறன்."

"இப்ப சொல்லுங்கோ. கிளப் ஆளோ, தம்பியோ?"

"பாலா, சட்னியைக் குடு."

எஞ்சின் உறுமிக் கிளம்பியது. பெனடிக்ற் எழுந்து கையைத் துடைத்தான். "போறன், அண்ணை" என்று அவன் திரும்பிய இடத்தில் ஜெப்ரி நின்றார், கையில் பட்டியல் அட்டையோடும் டோர்ச்சோடும்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெப்ரியின் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. பெனடிக்ற் வானத்தைப் பார்த்தான். முடிந்தது என்று நினைத்தார் கிருஷ்ணராசா. பெட்டி அடுக்குச் சரியும்போது கீழே நிற்கிறவனுக்கு ஒரு கணம் எல்லாம் அமைதியாகத் தெரியும். அப்படித்தான் இருந்தது.

"மனைவியின் தம்பி" என்று சொல்லிப் பார்த்தார்.

"அப்படியா" என்றார் ஜெப்ரி.

அவர் விளக்குகளைப் போடச் சொன்னார். எரிந்தன. பிறகு கஷ்டப்பட்டு முழங்காலை மடித்து, டாஷ்போர்டுக்கு அடியில் டோர்ச்சோடு தலையை விட்டார். தலை போனது போனதுதான். பத்து கார்களுக்கும் தலா அரை நிமிடம் கொடுத்தவர், இங்கே மூச்சுக்கூட விடாமல் கிடந்தார். கிருஷ்ணராசா தன் விரல் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றார். சாமிப் படம், எங்கள் வழக்கம் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தை வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தார்.

ஜெப்ரி வெளியே வந்தார். எதையும் கேட்கவில்லை. "மிக நல்லது. தேர்ச்சி" என்றார் அவசரமாக. பித்தளைத் தகட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "வாழ்த்துகள், கிருஷ்ணராசா. அடுத்த கார்."

பாலாம்பிகையின் கண் நிறைந்துவிட்டது. தம்பி விஷயத்தைக்கூட மறந்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

தகடு கிருஷ்ணராசாவின் உள்ளங்கையில் கிடந்தது. பெயர் முழுதாக, பிழையில்லாமல் இருந்தது. அதன் கீழே: 'முழுவதும் தன் கையால் கட்டியவர்'. இந்த மனுசன் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டான், நான் பாவம் என்று விட்டுவிடுகிறான் என்று அவருக்குப் பட்டது. ஒரு கதவுக்காகக் கொலினை வெட்டியவன், எனக்கு இரக்கப்படுகிறான். களஞ்சியத்தில் மற்றவன் தூக்கின பெட்டியைத் தான் தூக்கினதாகச் சொல்லுகிறவர்களோடு கிருஷ்ணராசா பதினாறு வருடமாகக் கதைப்பதில்லை.

"ஜெப்ரி, நான் ஒன்று சொல்ல வேண்டும்."

"வேண்டாம்" என்றார் ஜெப்ரி உடனே.

"உண்மையை..."

"கிருஷ்ணராசா, இன்றைக்கு நல்ல நாள். ஒன்றும் சொல்ல வேண்டாம். தயவுசெய்து."

"அண்ணை, அவர் வேண்டாம் எண்டுறார். விடுங்கோவன்" என்றான் பெனடிக்ற்.

"இந்தக் காரின் வயரிங் என் வேலை இல்லை" என்றார் கிருஷ்ணராசா. களஞ்சியத்தில் கத்திப் பழகிய குரல், வரிசை முழுக்கக் கேட்டது. "இந்த ஆள் என் மனைவியின் தம்பியும் இல்லை. பெயர் பெனடிக்ற். இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் கராஜில் இருந்து வயர் பூட்டினவர். விதி ஆறு எனக்கும்தான். வெட்டுங்கள்."

பத்திரிகையால் முகத்தை மூடியிருந்தவர் அதை இன்னும் உயர்த்தினார்.

பாலாம்பிகை கரண்டியை வாளிக்குள் போட்டாள். "ரெண்டு ஞாயிறும் கோயிலாலை வந்து ரெண்டு தேத்தண்ணிக் கோப்பை கழுவினனான். இவர் தனியக் கிடந்து பாடுபடுறார், ரெண்டு கோப்பை குடிக்கட்டும் எண்டு நினைச்சன்." அவள் பெனடிக்றைப் பார்த்தாள். "நீர்தானே மற்றக் கோப்பை?"

"ஓம் அக்கா. நல்ல தேத்தண்ணி."

"நான் போட்டு வைச்சிட்டுப் போனது."

கிருஷ்ணராசா தகட்டை நீட்டினார். ஜெப்ரி அதை வாங்கவில்லை. பத்து கார்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலைவர் பேனையை எடுக்காமல் இருக்க முடியாது. எடுத்தார். மூடியைக் கழற்ற அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அட்டையில் பதினோராவது பெயரின் மேல் பேனை முனையை வைத்தார். அங்கேயே நின்றார். நெற்றி வியர்வை அட்டையில் சொட்டியது.

"அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது?" மோரீன் வடைத் தட்டைப் பெனடிக்றின் கையில் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்தார்.

"மோரீன், வேண்டாம்" என்றார் ஜெப்ரி.

"அட, இந்தப் பெரியவரா? எங்கள் காரிலும் இதே இடத்தில்தான் நிற்கிறார், காலடியில் இதே மாதிரிச் சுரண்டலோடு. அது தொழிற்சாலை முத்திரை என்றல்லவா ஜெப்ரி எனக்குச் சொன்னார்."