ஏடிஸ் மருதமுத்தி

உலகத்தில் யாருமே பார்த்திராத கொசுவைக் கண்டுபிடித்த விஞ்ஞானியாக நான் மூன்று வாரம் வாழ்ந்திருக்கிறேன். (விஞ்ஞானி என்று சொன்னது என் மாமனார். வருகைப் பதிவேட்டில் நான் 'ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், தற்காலிகம்'.)

போர்ட் பிளேயரில் நோய்க்கிருமிகளை ஆராயும் நிறுவனம் ஒன்றில் வேலை. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். உண்மையில் பழைய டயரிலும் பூந்தொட்டியிலும் தேங்கிய தண்ணீரை மொண்டு கொசுப்புழு எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த லட்சணத்தில் லம்பா லைன் வட்டாரத்துக் கட்டட கான்ட்ராக்டர் மருதமுத்துவின் மகள் நித்யாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவள் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் பர்மனென்ட். எங்களுக்குள் பேசி முடித்தாயிற்று, அவள் அப்பாதான் பாக்கி.

"டெம்பரவரி. அதுவும் கொசு எண்ணுற வேல. மெயின்லேண்ட்ல இன்ஜினியருங்க கேட்டுட்டு இருக்காங்க தம்பி," என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் என்னைக் கட்சால் தீவுக்கு அனுப்பினார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கிற கிண்ணங்களில் மழைத்தண்ணீர் தேங்கி, கொசுக்கள் அமோகமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பிடித்த கொசுவைக் குழாயில் போட்டால், அது உருளாமலிருக்கப் பஞ்சு வைக்க வேண்டும். திரும்பும்போது கப்பல் எஞ்சின் சத்தம் தாங்காமல் அந்தப் பஞ்சை நான் என் காதில் வைத்துக்கொண்டேன். குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து வாந்தி எடுத்தபடியே வந்து சேர்ந்தேன்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், ஒரு கொசுவுக்கு முதுகில் வெள்ளைக்கோடே இல்லை! ஏடிஸ் வகைக்குக் கோடுதான் அடையாளம். புத்தகம் முழுக்கப் புரட்டினேன், அப்படி ஒரு கொசு இல்லை. எங்கள் சயின்டிஸ்ட் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஷெஃபாலி தீதி லீவு முடிஞ்சு வரட்டும். அவங்க பாக்கட்டும்," என்றார். ஷெஃபாலி தீதி (ஆபீசுக்கே அக்கா) முப்பது வருடமாகக் கொசுவே பார்த்து வரும் டெக்னீசியன், அப்போது கல்கத்தாவில் இருந்தார். அதுவரை பொறுத்திருந்தால் நான் மனுஷன். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அன்று மாலையே லம்பா லைனில் நின்றேன்.

"கண்டுபிடிச்சவன் பேர் வைக்கலாம் மாமா. உங்க பேரத்தான் வைக்கப்போறேன். ஏடிஸ் மருதமுத்தி."

"பக்கா?"

"பக்கா மாமா. உலகம் பூரா புக்குல வரும்."

"எத்தன போட் ஜெட்டி கட்டினேன், எத்தன ஸ்கூல் கட்டினேன். கல்வெட்டுல பூரா தொறந்து வச்ச நேதாங்க பேருதான்," என்றபோது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

வாசலில் நித்யா கேட்டாள். "நிஜமாவே புதுசா? ஆபீஸ்ல சொல்லிட்டாங்களா?"

"பின்னே?" என்றேன். (பச்சைப் பொய்.)

குட்வில் எஸ்டேட்டில் மண்டபம். வாசலில் பதினைந்து அடி பேனர். இடப்பக்கம் மாமனார், வலப்பக்கம் அவர் அளவுக்கே கொசு. நடுவில் பாஸ்போர்ட் சைஸில் நானும் நித்யாவும். ஆபீஸ் முழுவதையும் அழைத்திருந்தேன். அன்று காலைதான் ஊரிலிருந்து இறங்கிய ஷெஃபாலி தீதியும் பட்டுப்புடவையில் வந்து சேர்ந்தார். பேனரைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். என்னை விரலால் கூப்பிட்டார்.

"யே நயா நஹீ ஹை பேட்டா. டக்லா ஹை."

புதுசு இல்லையாம், மொட்டையாம்! எங்கள் தீவில் இந்தி புரியாத ஆள் கிடையாது. சாம்பார் வாளியோடு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தீதி மேலும் விளக்கினார்: குழாயில் உருண்டு உருண்டு முதுகுச் செதில் உதிர்ந்திருக்கிறது, மற்றபடி நம் வீட்டு வாளியில் முட்டையிடும் அதே கொசுதான். "பஞ்சு வைக்கலையா?" என்று இந்தியில் கேட்டார். என் கை தானாகக் காதுக்குப் போனது.

"நிறுத்துங்கடா எல்லாத்தையும்!" என்றார் மாமனார். மேளம் நின்றது. என் உயிரும் ஏறக்குறைய நின்றது.

நித்யா மேடையிலிருந்து எழுந்து வந்தாள்.

"தாராளமா நிறுத்துங்கப்பா. நாளைக்கே ஏன் நின்னுச்சுன்னு போர்ட் பிளேயர் பூரா கேக்கும். பொண்ணு மேல குத்தமாம்பாங்க. அப்ப ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கொசுக் கதைய நீங்கதான் உக்காந்து சொல்லணும். இப்ப மோதிரம் மாத்திட்டா பாயசம் குடிச்சிட்டுப் போயிடுவாங்க."

மாமனார் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேளத்த அடிங்க," என்றார். நித்யா என் பக்கம் திரும்பி, "பொய் சொன்னீங்கல்ல? உங்கள அப்புறம் பாத்துக்கறேன்," என்றாள். (இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

ஆனால் யாரும் பாயசத்தோடு போய்விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் கொசுவைக் கொசு என்று சொல்வாரில்லை. நேற்றுகூட என் மகள், தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, தன் முழங்காலில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"அம்மா, மருதமுத்து செத்துட்டான்!"

மாமனார் பேப்பரை இறக்கவேயில்லை. "முதுகத் தடவிப் பாரு கண்ணு," என்றார். "மொட்டையா இருந்தா அது உங்கப்பன் புடிச்சது."