மார்க்கண்டேயன் வம்சம்

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் ஈ வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. உள்ளே வரிசையாக இருந்த குப்பிகளில் ஈக்கள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன.

அவள் கதவை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் இப்படிச் செய்தால் சரியாகும். ஈ விஷயத்தில் ஆகவில்லை.

செத்தவை சாதாரணப் பழ ஈக்கள் இல்லை. விஷத்தைத் தின்றாலும் தாக்குப்பிடிக்கும் ஈக்கள். குடலின் உட்சுவர் அரித்துப்போகப் போக, அங்கிருக்கும் ஸ்டெம் செல்கள் சளைக்காமல் புதுச் சுவர் கட்டிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு மரபணுவில் விழுந்த சின்னக் கோளாறு செய்த புண்ணியம் அது. பேராசிரியர் அந்த வம்சத்துக்கு மார்க்கண்டேயன் என்று பெயர் வைத்தார். அவள் ஆறு வருஷமாக அதை வளர்த்தாள். வேறெதையும் வளர்க்க நேரம் கிடைக்கவில்லை.

யமனையே திருப்பி அனுப்பிய மார்க்கண்டேயன் வாரக் கடைசியில் சூட்டைக் கட்டுப்படுத்தத் தவறிய ஒரு தெர்மோஸ்டாட்டிடம் தோற்றுப்போனான்.

"எந்த வம்சமா இருந்தாலும் ரெண்டு இடத்துல வைக்கணும்" என்பது பேராசிரியர் போட்ட சட்டம். அவளும் இரண்டு இடத்தில்தான் வைத்திருந்தாள். ஒன்று இன்குபேட்டரின் மேல்தட்டு, இன்னொன்று கீழ்த்தட்டு.

கீழ்த்தட்டு மூலையில் ஒரு குப்பியில் மட்டும் ஏழெட்டு ஈக்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் இனி எந்தப் பெட்டியையும் நம்புவதாக இல்லை. குப்பியைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்கையறை அலமாரி மேல் பத்திரப்படுத்தினாள்.

விடிந்து பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை.

"என்னங்க, இந்த ரூம்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. கொசு மருந்து மட்டும் போட்டேன்" என்றான் கணவன். "நல்ல மருந்து. ஒரு கொசு கடிச்சுதா சொல்லு."

தின்ற விஷத்தைத் தாங்கும் மார்க்கண்டேயனுக்கு மூச்சில் போன விஷம் தாங்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து குப்பியை நீட்டினாள். அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"ஐயையோ. முக்கியமான பூச்சியா?"

"உலகத்துலயே இது மட்டும்தாங்க மிச்சம் இருந்துச்சு."

அவன் குப்பியை அலமாரி மேலேயே திருப்பி வைத்தான். பிறகு மெதுவாக, "சமையலறையில ரெண்டு வாழைப்பழம் அழுகிக் கெடக்கு. அதை மொய்க்குதே, அது ஆகாதா?" என்றான்.

நல்ல மனசோடுதான் கேட்டான். அதனால் அவளால் திட்டவும் முடியவில்லை. திட்டாமல் யோசித்ததுதான் தப்பாகப் போயிற்று. பார்வைக்கு மார்க்கண்டேயனுக்கும் சமையலறை ஈக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால்தான் தெரியும். வேறு வழி தேடும்வரை அலமாரி காலியாகத் தெரியாமல் இருந்தால் போதும்.

அன்று முழுக்கக் கணவன் லீவு போட்டு, பாட்டிலும் கையுமாக ஈ பிடித்தான். கல்யாணமானதிலிருந்து அவள் ஆராய்ச்சியில் அவன் இத்தனை அக்கறை காட்டியதில்லை.

புதன்கிழமை காலை ஆய்வக அலமாரியில் மார்க்கண்டேயன் என்று எழுதிய புதுக் குப்பிகள் நின்றன. ஈக்களுக்குத் தீனி காய்ச்சும் அட்டெண்டர் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், நம்ம பயலுங்க இன்னிக்கு ஒரே ஆட்டமா இருக்கானுங்க?"

"தீனி நல்லா இருக்குண்ணே, அதான்" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

அன்று பார்த்துப் பேராசிரியர் வந்துவிட்டார். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை. சட்டை அவர் தோளில் மாட்டி வைத்தது மாதிரி தொங்கியது. ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே மூன்று நாளாக ஓயாத தூறல்.

"எப்படிம்மா இருக்கான் நம்ம பையன்?"

"நல்லா இருக்கான் சார்."

"என் குடல்ல பாதியை வெட்டி எடுத்துட்டாங்க. இவனைப் பாரு, வெட்ட வெட்ட வளர்றான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் போனாலும் இவன் இருப்பான். அது போதும் எனக்கு."

காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை குழு வருதில்ல? படம், கோடு, கட்டம் எல்லாம் காட்ட வேண்டாம். அவங்க கண் முன்னாலயே விஷத்தை வைப்போம். தின்னுட்டு இவன் எப்படி நிக்கிறான்னு பார்க்கட்டும்."

"சார், அது எதுக்கு சார்..."

"நான் இந்த வேலையில கடைசியாக் காட்டுறது உயிரோட இருக்கணும்மா."

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அந்தக் குழு தலையாட்டினால் ஆய்வகம் நிலைக்கும். இல்லாவிட்டால் அறைக்குப் பூட்டு. விஷம் வைத்தால் வாழைப்பழ ஈக்கள் குழுவின் கண் முன்னாலேயே கூண்டோடு கைலாசம் போகும். பேராசிரியர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. மாடிப்படி ஏறினாள்.

மேல்மாடி விஞ்ஞானிக்கும் பேராசிரியருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முகம் முறியும் முன்பு மார்க்கண்டேயனில் ஒரு குப்பி அவருக்குப் போயிருந்தது. அவள் தயங்கித் தயங்கி உள்ளே போனாள். எல்லாம் செத்துவிட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எங்ககிட்ட நிறைய இருக்கு சார். சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க உங்க குப்பி ஒண்ணு வேணும்."

மனிதர் முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு கூரையைப் பார்த்தார். மின்விசிறியையும் பார்த்தார்.

"இருக்கு. ஏன் இல்லாம? பேஷா இருக்கு."

"இப்பவே எடுத்துக்கலாமா சார்?"

"இப்பவா? இப்ப... தீனி மாத்துற நேரம். தொந்தரவு பண்ணக் கூடாது. நாளைக்கு மத்தியானம் அனுப்பறேன்." சற்றுத் தெளிந்ததும் குரலும் திரும்பியது. "ஆனா உங்க அடுத்த கட்டுரையில என் பேரும் வரணும். உங்க சாருக்கு முன்னாலயே வரணும்."

ஆறு வருஷம் அவள் ஊட்டி வளர்த்ததற்கு இவர் பெயர் முன்னால். அதற்கும் தலையாட்டினாள். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் யாரையும் அப்படி வழியனுப்பி அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அட்டெண்டர் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பிரித்தாள். உள்ளே ஒரு குப்பி, மேலே சிவப்பு மசியில் "அசல்" என்று எழுதி ஒட்டியிருந்தது. ஈக்கள் துள்ளிக் குதித்தன.

அவள் முதல் காரியமாக அலமாரியிலிருந்த போலிக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, செத்த ஈ போடும் ஸ்பிரிட் பாட்டிலில் தட்டினாள். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிக் குப்பியையும் தட்டி முடித்தபோது நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிவிட்டது. இனி யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம்.

வராந்தாவில் பேராசிரியர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில வந்துடுங்க. பையன் ரெடியா இருக்கான்." பல மாதம் கழித்து அவர் சிரிப்பது கேட்டது.

அவள் அந்த ஒற்றைக் குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

"அண்ணே, நீங்க கொண்டு வந்தது வெறும் குப்பி இல்லண்ணே. என் உயிரு."

அட்டெண்டர் கூச்சத்தில் நெளிந்தார்.

"அட போங்க மேடம், மாடி சாரோட பூச்சியெல்லாம் போன வருஷமே செத்துப் போச்சாம், உங்க முன்னால மானம் போயிடும்னு பாவம் அழாத குறையா கேட்டாரு, அதான் நேத்து சாயங்காலம் நம்ம அலமாரியிலேர்ந்தே ஒரு குப்பி எடுத்துக் கொடுத்தேன்."