எத்தனை லிட்டர் பாத்திரம் வேண்டும்?

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி மனைவி, உன் மருமகளான என் பெண் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்றும், அத்தான் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காமல் விழுங்குகிறார் என்றும் நம்புகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். நீ வர வேண்டாம். அதாவது வரலாம், உன் தம்பி வீடு, எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒன்றாம் தேதி வந்து பெண்ணைக் கையோடு கூட்டிப்போய் உன் வீட்டில் வைத்துக்கொண்டு, அத்தானுக்குத் தெரிந்த அலுவலகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாயே, அதற்காக வர வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன். நான் போட்ட 'ம்' எல்லாவற்றையும் சம்மதமாக எடுத்துக்கொண்டுதான் நீ டிக்கெட் எடுக்கிற வரைக்கும் போய்விட்டாய். கடிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேள். பெண் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை இழுத்து மூடியதிலிருந்து அவள் வீட்டில் வாயைத் திறப்பதே இல்லை என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா? 'சரி', 'பசிக்கல', 'அப்புறம்' என்று மூன்றே வார்த்தைகளை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மட்டும் லிப்ட் ரிப்பேர் செய்கிற ஒரு தாடிக்காரனும், பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணும் வருவார்கள். மூவரும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் ஒட்டுக் கேட்கிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். கதவுக் கீல் கிறீச் கிறீச்சென்று கத்துகிறதே, எண்ணெய் விடலாம் என்றுதான் அன்றைக்குப் போனேன். கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்ததற்கு உன் தம்பி மனைவியே சாட்சி. கிண்ணத்தில் எண்ணெய் இல்லை என்று அவள் சொன்னால் அதை மட்டும் நம்பாதே. உள்ளேயிருந்து என் காதில் விழுந்தது இதுதான்:

"கிழவன என்ன பண்றது?"

"வெளிய தள்ளிக் கதவச் சாத்திட வேண்டியதுதான். மூச்சு முட்டித் தானா போயிடுவான்."

"பாவம்டி. இத்தன வருஷமா நமக்குச் சோறு போட்டிருக்கான்."

"அதுக்காக? இருக்கிற காத்து மூணு பேருக்குத்தான் வரும்."

கடைசியாகப் பேசியது நான் பெற்ற பெண். அக்கா, இந்த வீட்டில் கிழவன் என்று சொல்லும்படியாக என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? வருஷக்கணக்காகச் சோறு போட்டதும் நான்தானே? காற்று மூன்று பேருக்குத்தான் வரும் என்றாள் பார், பின்னறை மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று அவள் போன மாதமே சொன்னாள், நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு விசிறிக்காகவா பெற்ற அப்பனை, என்று நினைத்து நினைத்து மறுநாள் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடையில் ஒரு அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்துதான் உனக்குப் போன் போட்டேன். நீயும் 'பொண்ண என்கிட்ட அனுப்புடா, நான் வழிக்குக் கொண்டுவரேன்' என்றாய். நான் 'ம்' போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வருவது வரட்டும் என்று கதவைத் தட்டி உள்ளே போய்விட்டேன். மேசை முழுக்கக் காகிதம், பென்சில், நடுவில் பகடை. எனக்குச் சுருக்கென்றது. சூதாட்டம்! அதுவும் நாம் பார்த்த பகடை இல்லை, ஆறு முகம் போதாதென்று இருபது முகம் வைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தாடி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க சார், ஆள் பத்தலன்னு இப்பதான் பேசிட்டிருந்தோம். நீங்களும் சேர்ந்துக்கங்க. உங்களுக்கு ஒரு பாத்திரம் மட்டும்தான் வேணும்."

பாத்திரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்த் தொழில் வந்துவிட்டது.

"எத்தன லிட்டர்ல?" என்றேன்.

"லிட்டரா?" என்று விழித்தான். "ஆளுக்கு ஒண்ணு சார். என் பாத்திரம் போன வாரம் செத்துப்போச்சு. உங்க பொண்ணுதான் கொன்னா."

"அடியில ஓட்டை விழுந்துடுச்சா?"

"நெஞ்சுல சார். பெரிய ஓட்டை."

"அதுக்கு ஏன்ப்பா தூக்கிப் போடணும்? கொண்டு வா, பத்த வெச்சுடலாம். நம்ம கடையிலயே ஆள் இருக்கார்."

"சார், என்னோட பாத்திரத்தையும் அவர்கிட்டக் காட்ட முடியுமா?" என்று கேட்டாள் பல் டாக்டரின் வரவேற்புப் பெண். "அதுக்குத் தலையில அடிபட்டதுலேர்ந்து யாரையும் அடையாளம் தெரியல."

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நெளிந்த பாத்திரம் பார்த்திருக்கிறேன், மூடி சேராத பாத்திரம் பார்த்திருக்கிறேன், மனிதரை அடையாளம் தெரிந்துவைத்திருந்த பாத்திரத்தை இன்றுவரை விற்றதில்லை. திரும்பிப் பார்த்தால் உன் மருமகள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாளோ என்று பதறிப் போனேன். சிரிக்கிறாள், அக்கா! எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! "அப்பா, பாத்திரம்னா கேரக்டர்ப்பா, கதையில வர்ற ஆளு!" என்றாள். உடனே மற்ற இரண்டு பேரும் "அபராதம்! அபராதம்!" என்று கத்தினார்கள். அந்த மேசையில் அநாவசியமாக இங்கிலீஷ் வார்த்தை பேசினால் பேசினவரின் கதை ஆளுக்கு ஒரு அடி விழும். சட்டம் போட்டது உன் மருமகள். அதனால்தான் இந்தப் பாத்திரக் குழப்பமே.

விஷயம் இவ்வளவுதான். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இல்லாத கப்பலில் ஏறி இல்லாத கிரகத்துக்குப் போவது. காசு வைத்து ஆடுவதில்லை. உன் மருமகள்தான் கதையை நடத்துகிறவள். 'எதிரே புகை வருது, இப்ப என்ன பண்றீங்க?' என்பாள். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நிறைய விழுந்தால் பிழைத்தாய், ஒன்று விழுந்தால் போய்ச் சேர்ந்தாய். காற்றுப் போதாமல் வெளியே தள்ளப்பட்ட கிழவன் அந்தக் கப்பலின் சமையற்காரனாம். கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியில் அவனுக்காக இரக்கப்படக்கூட மறந்துவிட்டேன்.

தாடியின் பாத்திரம் கப்பல் தலைவனாக இருந்து செத்துப்போனதால் அந்தப் பதவி எனக்கு வந்தது. கடைச் சாவியைக்கூட முதலாளி என்னிடம் தரமாட்டார், இங்கே கப்பலையே தந்துவிட்டார்கள். பயிற்சிக்காக உன் மருமகள் டிவியில் விண்வெளித் தொடர்களைப் போட்டுக் காட்டினாள். இப்போது தினமும் சாப்பிட்டபடியே அப்பனும் பெண்ணும் பார்க்கிறோம். அதில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. எத்தனை கோடி மைல் தள்ளிப் போனாலும் அங்கே இருக்கிறவனுக்கு நெற்றி மட்டும்தான் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, மற்றபடி நம் முதலாளியின் மச்சான் மாதிரியே இருக்கிறான். இன்ஜினைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், தலைவர் 'பத்து நிமிஷத்துல முடி' என்கிறார், அவனும் முடித்துவிடுகிறான். அப்படியானால் முதலில் ஒரு வாரம் என்று ஏன் சொன்னான்? நம் கடைக்கு வருகிற எலெக்ட்ரீஷியனின் உறவுக்காரனாக இருப்பான். எல்லாவற்றையும்விட, இத்தனை பெரிய கப்பலில் ஒருவராவது பாத்திரம் கழுவிப் பார்த்ததில்லை. இருந்தாலும் நான் இப்போது ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். டிவியில் வருகிற தலைவனைப் பார்த்து 'டேய், அந்தக் கதவத் திறக்காதே' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவன் திறப்பான். மேசையில் அப்படி இல்லை. நாம் சொல்வதை அவன் கேட்பான். அதனால் பழியும் நம் தலையில்தான் விழும்.

அப்படித்தான் நேற்று விழுந்தது. எதிரிக் கப்பல் எங்களை மறித்தது. மற்றவர்கள் சுடலாம் என்றார்கள். நான் எதிரியிடம், "உள்ள வந்து பாத்துட்டுப் போங்க, வாங்கணும்னு கட்டாயம் இல்ல" என்று ஆரம்பித்துப் பேசிப் பேசியே அனுப்பிவைத்தேன். எதிரியாகப் பேசியதும் உன் மருமகள்தான், அரைமணி நேரம் என்னோடு மல்லுக்கட்டினாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கப்பலின் கணினியாகப் பேசினாள்.

"தலைவரே, ஒரு கேள்வி."

"கேளும்மா."

"என்னைக் கழட்டி வேற கப்பல்ல மாட்டப் போறதாக் கேள்விப்பட்டேன். உண்மையா?"

தாடி பகடையைக் கீழே வைத்துவிட்டான். நீயும் நானும் போனில் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள், அக்கா.

"அப்படி ஒரு பேச்சு இருந்தது" என்றேன். "தப்பான தகவல வெச்சு எடுத்த முடிவு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நீ பேசமாட்டேங்கிறியேன்னுதான்..."

"நீங்களும் கதவுக்கு வெளியதானே நின்னீங்க?"

இந்தக் கேள்வியிலிருந்து இருபது முகத்தில் எது விழுந்தாலும் தப்பிக்க முடியாது. "ரத்து பண்ணிட்டேன். நாளைக்கே மேலிடத்துக்குக் கடிதம் போடறேன்" என்றேன். கணினி தன் சொந்தக் குரலில், "அத்தைக்கு நீங்க எழுதமாட்டீங்க, உங்களுக்குப் பயம்" என்றது. இதோ, எழுதிவிட்டேன். வேலையை அவளே தேடிக்கொள்கிறாள், இரண்டு இடத்தில் கேட்டும் வைத்திருக்கிறாளாம். அதை நேற்றுவரை எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நானும் கேட்கவில்லை. ஆகையால் பெண் பத்திரமாக இருக்கிறாள், அவளுக்குக் குறை ஒன்றுமில்லை, இந்த விளையாட்டைப்போல நல்லது உலகத்தில் வேறு கிடையாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு என்னை வாயார வாழ்த்து. திட்டினாலும் வாழ்த்தாகவே எடுத்துக்கொள்கிறேன். அத்தானுக்கு என் வணக்கமும், மாத்திரை விஷயமாக என் அனுதாபமும்.

என்றும் உன் சொல்லுக்கு அடங்கிய (இந்த ஒரு தடவை தவிர)
தம்பி

பி.கு.: கடையில் சரக்குக் கணக்கெடுப்பு இருந்ததால் கடிதத்தைத் தபாலில் சேர்க்க ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. அதற்குள் இன்றைய ஆட்டம் முடிந்தது. சேற்றுக் கிரகத்தில் நான் ஒன்றை உருட்டித் தொலைத்தேன். அப்பன் என்றும் பார்க்காமல் என்னை ஒரு ராட்சத ஜந்துவுக்கு முழுசாக விழுங்கக் கொடுத்துவிட்டாள் உன் மருமகள். இன்னொரு தடவை உருட்டுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. டிக்கெட்டைத் தொடாதே, சொன்னபடி ஒன்றாம் தேதி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ, நன்றாக வழிக்குக் கொண்டுவா. ஆனால் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடு. ஜந்துவின் வயிற்றுக்குள் எனக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாள்.