செக்கப்பு மாமாவும் கொடித் துணிகளும்

ரத்தப் பரிசோதனைக்குப் போவதை உல்லாசப் பயணமாக அனுபவித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வேதக்காரத் தெருவில்தான் அவர் குடியிருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் செக்கப்பு மாமா.

பள்ளத்தாக்கில் எங்கே இலவச மருத்துவ முகாம் நடந்தாலும் மாமா அங்கே இருப்பார். கடமலைக்குண்டோ சுருளிப்பட்டியோ, தேய்த்த சட்டை போட்டு, பவுடர் பூசி, முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். பூசையில் நற்கருணை வாங்கப் போகிறவர் போல வெறும் வயிறு, முகத்தில் அப்படியொரு சாந்தம். ஜன்னலோரம் உட்கார்ந்து, மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடியே போவார். கையில் ஊசி ஏறும்போதும் அதே பார்வைதான்.

மேகமலை எஸ்டேட்டில் ஒரு முகாம். ஈ.சி.ஜி. எடுக்க மாமாவைப் படுக்க வைத்திருக்கிறார்கள். வெளியே சாரல். ஜன்னல் வழியாகப் பனி மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்ததாம். ஒயரையெல்லாம் கழற்றிய பிறகும் மாமா அசையவில்லை. நர்ஸ் பதறிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மேகமெல்லாம் எனக்குக் கீழ போய்க்கிட்டு இருந்துச்சு டாக்டர். நல்ல எடத்துல எழுப்பிட்டீகளே!"

எந்த முகாமிலும் அவருக்கு எதுவும் இருந்ததில்லை. பி.பி. இல்லை, சர்க்கரை இல்லை, கண் பளிச். ஒரு டாக்டர் கடுப்பாகி, "உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டேவிட்டார்.

"அந்த வார்த்தையக் கேக்கத்தான் வாரேன். வேற யாரு என்னயப் பாத்து அம்புட்டு நல்ல வார்த்தை சொல்றாக?"

டீக்கடையில் நாங்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. "மாமா, ரத்தம் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்போம். கோபமே வராது. "நீங்களும் ஒருக்கா வாங்கப்பா" என்று சிரிப்பார். யாரும் போனதில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது டாக்டரைப் பார்ப்பது வெட்டி வேலை என்பது எங்கள் தெருவின் ஏகமனதான தீர்மானம்.

அப்போதுதான் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு மட்டும் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வந்தது. பூசை முடிந்ததும் சாமியார் அறிவித்தார். மார்பகம் என்ற சொல்லைக் கோயிலுக்குள் கேட்டதிலேயே பாதிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முகாம் நாளன்று மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

என் மனைவி ரோஸ்லினிடம் மாமாவே வந்து கேட்டுப் பார்த்தார்.

"எனக்கென்ன மாமா? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு மாதிரி இருக்கையிலயே போயிரணும் ஆத்தா."

"அட போங்க மாமா, சோலி கெடக்கு."

மாமா போனார். சும்மா போகவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு கொடியில் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டு போய், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல நாற்காலிக்கு ஒன்றாக விரித்துவிட்டார். முதல் நாற்காலியில் ரோஸ்லினின் நீலப் பூப்போட்ட சேலை. நடுவில் காவலுக்கு மாமா.

"ஐயா, இது பொம்பளைங்களுக்கு" என்றார் நர்ஸ்.

"தெரியும்மா. ஆளுக வந்துக்கிட்டே இருக்காக. நான் எடம் மட்டும் போட்டுருக்கேன்."

வரத்தான் செய்தார்கள். சேலையைக் காணோம், துண்டைக் காணோம் என்று தெருவே விளக்குமாறும் கையுமாகத் திரண்டு வந்தது. ரோஸ்லின்தான் முன்னால்.

"புத்தி பெரண்டு போச்சா மாமா உமக்கு? பொம்பளைக துணியக் களவாண்டுட்டு வந்து, இங்கன உக்காந்து சிரிக்க வேற செய்யுறீரு!"

"திட்டுறத உக்காந்து திட்டு ஆத்தா. வெயில்ல வந்திருக்க."

மூச்சிரைக்க உட்கார்ந்தவர்களுக்கு நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். பார்க்கப்போவது பெண் டாக்டர்தான், திரை போட்டிருக்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். திட்டித் தீர்த்த களைப்பில், "வந்தது வந்தாச்சு" என்று ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவர்கள் வெளியே வருவதற்குள் மாமா துணிகளை மடித்து வைத்துவிட்டு நழுவிவிட்டார்.

மறுவாரம் ரோஸ்லினை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவள் கைக்கே இதுவரை தட்டுப்படாத ஒரு சின்னக் கட்டி. மதுரையில் சோதித்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்றார்கள். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்" என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது ரோஸ்லின் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் மலைகள் நீலமாகத் தெரிந்தன. அவள் இல்லாமல் அந்த மலைகளை நான் ஒருநாளும் பார்க்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று மாமா வந்தார். சட்டை கசங்கியிருந்தது, பவுடர் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எனக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம்யா. அதான் நல்லா இருக்கையிலயே போய்ப் போய்ப் பழகிக்கிட்டேன்."

உள்ளிருந்து நல்ல சேதி வரும்வரை அவர் என் கையை விடவே இல்லை.

ரோஸ்லின் தேறிவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்கு மாமா வந்தால் என்னையறியாமல் எழுந்து நிற்கிறேன். போன வாரம் அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்னய்யா, பிஷப்பா வாராக? எந்திரிச்சு நிக்கிற?"

"இல்ல மாமா, கால் மரத்துப்போச்சு."

"மரத்துப்போச்சா? சுகர் பாத்தியா? நாளைக்குச் சின்னமனூர்ல கேம்ப்பு. கெளம்பி இரு."

விடியற்காலையிலேயே கிளம்பி வாசலில் நின்றேன். அந்த மனிதர் கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் போவேன்.