வெள்ளைப் பூ கொடுத்த காப்பிரைட்

சாமி பாட்டை நிறுத்தினவள் விளங்குவாளா என்று யாராவது கேட்டால், விளங்கமாட்டாள் என்று முதலில் சொல்வது நானாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஆடி வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊர் கங்கையம்மன் கோயில் பாட்டை நிறுத்தியவள் நான்தான். அதுவும் அம்மனிடமே அனுமதி வாங்கிக்கொண்டு. (வாங்கிய விதத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டாம்.)

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற வழியில் எங்கள் ஊர். நான் பத்தாவது தவறியவள். ரேஷன் கார்டு மாமியார் பெயரில், வீடு வீட்டுக்காரர் பெயரில், கேஸ் கனெக்‌ஷன்கூட அவர் பெயரில். இந்த உலகத்தில் என் பெயரில் இருந்தது ஒரே ஒரு வீடியோ சேனல். விடிந்ததும் குளித்துவிட்டு அம்மனுக்கு நைவேத்தியம் சமைப்பேன். மாம்பழ ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் முனிரத்தினம் அதைப் போனில் பிடிப்பார். திருப்பதியில் காலேஜ் படிக்கிற மகள் லாவண்யா அங்கிருந்தே வெட்டி ஒட்டி ஏற்றுவாள். மூன்று வருஷத்தில் நானூறு வீடியோ. பார்க்கிறவர்கள் அதிகமில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் "அக்கா, உப்பு போட மறந்துட்டீங்க" என்று எழுதுகிற அளவுக்குப் பக்தியோடு பார்த்தார்கள்.

ஒரு நாள் லாவண்யா போன் செய்தாள்.

"அம்மா, ரெண்டாவது ஸ்ட்ரைக் வந்துடுச்சிமா."

"யாரு குடுத்தது?"

"ஆடியோ கம்பெனி. அவுங்க பாட்ட நீ திருடிக்கினியாம்."

"நானா? நான் பொங்கலுக்கு வெல்லம் போட்டுக்கினு இருந்தேன்டி!"

"பின்னால கோயில் பாட்டு கேக்குதில்ல, அது. இன்னொண்ணு வந்தா சேனலையே தூக்கிடுவாங்க. நானூறு வீடியோவும் போய்டும்."

"பாட்ட மட்டும் அழிச்சிட முடியாதா?"

"அழிச்சா உன் கொரலும் கூடவே போவுதும்மா. ஊமப் படம் மாதிரி கீது."

கோயில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. காலையில் ஆரம்பித்தால் குழாய் ஸ்பீக்கர் வெயில் ஏறும்வரை ஓயாது. அந்தப் பாட்டெல்லாம் தர்மகர்த்தா தாமு மாமா திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிளாட்பாரத்தில் வாங்கிய பென்டிரைவில் இருப்பவை. குண்டூசி அளவு பென்டிரைவில் ஆயிரம் பாட்டு. பாடினவருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. நாலு ஸ்பீக்கர் வைத்து நாலு ஊருக்குக் கேட்கிற அந்தப் பாட்டு, சட்டத்தின் காதில் விழவில்லை. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே என் சமையலறையில் லேசாகக் கேட்டதுதான் விழுந்தது. எவ்வளவு நுட்பமான காது பாருங்கள்!

முதல் ஸ்ட்ரைக் வந்தபோதே என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். நிஜமாகத்தான். போனிலேயே காப்பிரைட் பள்ளிக்கூடம் இருக்கிறது. பொம்மைப் படம் ஒன்று காட்டி, அடுத்தவர் உழைப்பைத் திருடாதே என்று சொல்லி, கேள்வி கேட்டார்கள். லாவண்யா படித்துச் சொல்ல, நான் பதில் சொல்லப் பாஸானேன். (பத்தாவதில் என்னைத் தவறவிட்ட கணக்கு சாரிடம் இதைச் சொல்ல வேண்டும்.) பாஸான மறுவாரமே இரண்டாவது ஸ்ட்ரைக்.

வேறு நேரத்தில் சமைக்கலாமே என்பீர்கள். காலையில் அம்மனுக்குப் படைத்ததை மத்தியானம் கேமராவுக்காக மறுபடி சமைத்து, "இது அம்மன் நைவேத்தியம்" என்று பொய் சொல்ல என் மனசு ஒப்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆடிக்கூழ். வருஷமெல்லாம் நான் காத்திருக்கிற சமையல். தாமு மாமாவிடமே போனேன்.

"மாமா, நாளைக்குக் காலையில ஒரு அர மணி நேரம் பாட்ட நிறுத்தறீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் உண்டியலை உடைக்க வந்தவளாகத் தெரிந்தேன்.

"ஆடி மாசத்துல அம்மன் பாட்ட நிறுத்தணுமா? யம்மா, நீ தான் பேசறியா?"

"சேனலு போயிடும் மாமா."

"என்ன எதுக்குக் கேக்கற? அம்மனயே போய்க் கேளு. அவ சொன்னா நிறுத்திட்டுப் போறேன்."

அவர் கிண்டலாகச் சொன்னார். எங்கள் ஊரில் அம்மனைக் கேட்க வழி இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சந்நிதியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கல்யாணம் பேசுவதும் கிணறு தோண்டுவதும் இப்படிக் கேட்டுத்தான்.

எடுத்தேன். சிவப்பு.

கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கேட்டேன். சிவப்பு.

பொட்டலத்தை நன்றாகக் குலுக்கவில்லை என்று தோன்றியது. குலுக்கினேன். வெள்ளை!

பாட்டின் நாயகியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. இனி எந்த ஆடியோ கம்பெனி என்னைக் கேட்க முடியும்? தாமு மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை. எத்தனை தடவை கேட்டாய் என்று கேட்டுத் தொலைப்பார்.

மறுநாள் காலை பூசாரி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து ஆம்ப்ளிஃபையர் இருக்கிற அறைக்குள் நுழைந்தேன். பென்டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். பாட்டு நின்றது. இனி யாரும் திரும்பப் போட்டுவிடக் கூடாது என்று அங்கிருந்த திருகுகளையும் அணைத்தேன். எப்படி அணைத்தேன்? இருபது வருஷமாக அடுப்பை அணைக்கிற கை இது. கேஸ் அடுப்பில் இடப்பக்கம் திருகினால் எரியும், வலப்பக்கம் திருகினால் அணையும். எல்லாவற்றையும் வலப்பக்கம் கடைசிவரை திருகினேன்.

ஆம்ப்ளிஃபையர் அடுப்பு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் "வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு கொண்டாங்க" என்று அறிவித்துவிட்டு வைத்த மைக் அங்கேயே இருந்தது. அதற்கு முழுச் சத்தம் கொடுத்துவிட்டேன்.

என் பெரிய போன் வீட்டில் அடுப்புக்கு எதிரே ஸ்டாண்டில் இருந்தது. பழைய பட்டன் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"லாவண்யா நைனா, பாட்டு கேக்குதா?"

என் குரல் எனக்கே கோபுரம் உயரத்துக்குக் கேட்டது. சந்நிதி மகிமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. நான் சொன்னது ஊருக்கே கேட்டது.

"பாட்டு கேக்கல. ஆனா..."

"ஆனா கீனால்லாம் வேணாம். வீடியோவ ஓட வுடு. கூழு கிண்ட வரேன்."

"ஏமே, மைக்கு... மைக்கு!"

"மைக்கு இன்னாத்துக்கு? போன்ல கீறதே போதும். தாமு மாமா வர்றதுக்குள்ள முடிக்கணும். இன்னா பெரிய பக்திமானு! திருப்பதியில திருட்டு பென்டிரைவ் வாங்கியாந்து போட்டது அவுரு, ஸ்ட்ரைக்கு எனுக்கா?"

"ஐயோ, வாய மூடுமே!"

"நீ மூடுய்யா. போன வருசம் வசந்தா அண்ணி ஊத்துச்சே ஒரு கூழு, அதுல மூஞ்சி கழுவலாம். அதையே குடிச்ச அம்மன் நம்மள கோச்சுக்கினு போவுமா? உத்தரவு குடுத்துட்டா. மொத ரெண்டு வாட்டி செவப்பு வந்தா இன்னா, மூணாவது வெள்ள வந்துதில்ல?"

போன் கட்டாகிவிட்டது. அறையை விட்டு வெளியே வந்தேன். வாசலில் பாதி ஊர் நின்றது. மீதிப் பாதி வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் வசந்தா அண்ணி.

"எங்கம்மா அந்தக் கூழு? மூஞ்சி கழுவிக்கினு போலாம்னு வந்தேன்."

தாமு மாமா உள்ளங்கையை நீட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பென்டிரைவை வைத்தேன்.

"எத்தினி வாட்டி கேட்ட?"

"மூணு, மாமா."

"சிவப்பு எத்தினி?"

"அதான் மைக்குல சொன்னேனே, மாமா."

ஊரே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்நிதியில் விழுந்தேன். என் பெயரில் இருக்கிற ஒரே ஒன்று போய்விடுமே என்ற பயத்தில் உன்னையே ஏமாற்றப் பார்த்தேனே தாயே என்று நிஜமாகவே அழுதேன். (நிஜம்தான். இந்த இடத்தில் கிண்டல் இல்லை.)

எழுந்தபோது தாமு மாமா தொண்டையைக் கனைத்தார். திருட்டு பென்டிரைவைப் பற்றிக் கூட்டம் மேற்கொண்டு கேட்பதற்குள் பஞ்சாயத்தை முடிப்பது அவருக்கும் நல்லதாக இருந்தது.

"அபராதம். ஆடி முடியற வரைக்கும் வெள்ளிக்கிழமைக் கூழு நீதான் காச்சணும். காச்சற அர மணி நேரம் பாட்டு இல்ல. ஏமய்யா, சரேனா?"

"சரே, சரே" என்றது கூட்டம். இரண்டு முறை மறுத்த அம்மன், மூன்றாம் முறை வெள்ளை கொடுத்தது இதற்குத்தானோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். கூழ் வீடியோ சுத்தமாக ஏறியது. மூன்றாவது ஸ்ட்ரைக் வரவில்லை. தொண்ணூறு நாள் ஒழுங்காக இருந்ததில் பழைய இரண்டும் விலகின. ஏழரைச் சனிக்கு இது எவ்வளவோ தேவலை. சேனல் பிழைத்தது.

ஆனால் என் மைக் பேச்சைத் தெருவில் யாரோ பிடித்துவிட்டார்கள். திருப்பதியில் இருக்கும் ஒரு காமெடி சேனல்காரர் அதற்குப் பின்னால் தப்பட்டை அடித்து ஏற்றினார். என் நானூறு வீடியோவையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட ஒரே நாளில் அதிகம் பேர் பார்த்தார்கள். பாட்டு நின்றதுமே வீட்டுக்காரர் ஸ்டாண்டில் ஓடவிட்டிருந்த என் போனிலும் அதே பேச்சு முழுக்கப் பதிவாகியிருந்தது. "ஒரிஜினல நாமளே போடலாம்மா" என்று லாவண்யா ஏற்றினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: இந்த ஒலி வேறொருவருக்குச் சொந்தம், வீடியோ இருக்கலாம், வருமானம் அவருக்கு.

என் திட்டு, அவருக்குச் சொந்தம்! அந்த வாய் என்னுடையது என்று ஆட்சேபம் எழுதினோம். அதைச் சரிபார்க்க யாரிடம் அனுப்பினார்கள் தெரியுமா? அவரிடமேதான். அவர் நன்றாக யோசித்து, நேர்மையாக ஆராய்ந்து, தன்னுடையதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். நான் காப்பிரைட் பள்ளிக்கூடத்தில் பாஸானவள். இந்தப் பாடத்தை மட்டும் அங்கே நடத்தவில்லை.

போன மாதம் மலைக்குப் போய்விட்டுத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். ஒரு பெண் ஓடிவந்து, "அக்கா, மைக்கு அக்கா மீரே கதா, நீங்கதானே?" என்று போனை நீட்டினாள். மூஞ்சி கழுவுகிற கூழ் வசனத்தை ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டுமாம். நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"வேணாம்மா. அந்த வசனத்துக்கு ஓனர் இந்த ஊர்லதான் கீறாரு."

அன்றிலிருந்து வீட்டில் நான் குரல் உயர்த்தினால் போதும், லாவண்யா திருப்பதியிலிருந்து போனிலேயே கேட்கிறாள், "நைனாவத் திட்டறதுக்கு ஓனரு கிட்ட பர்மிஷன் வாங்கினியாம்மா?" வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சாமி மாடத்திலிருந்து சிவப்பு அரளி ஒன்றும் வெள்ளை அரளி ஒன்றும் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார்.

"எடுமே. ஆனா ஒரே வாட்டிதான்."