ரோதைமுனி பேசிய இங்கிலீஷ்

புளத்கொகுபிட்டிய,
1927 ஐப்பசி.

இரத்தினபுரிக் கோர்ட்டில் இங்கிலீசைத் தமிழாக்கிச் சொல்லும் மைத்துனர் செல்லையா அவர்களுக்கு, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பழனியாண்டி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் வெள்ளையம்மாவும் முருகன் தயவில் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பெரிய சக்கரத்தைக் காவல் காக்கும் ரோதைமுனிக்குப் போன மாதம் கிடா வெட்டினோம், வழக்கம்போலக் கோடாங்கி ஐயாவு மேல் சாமி வந்தது, ஆனால் வாக்கு தமிழில் வரவில்லை. நிறுத்தி வைத்த சக்கரம் தானாக அரைச் சுற்றுச் சுற்ற, கைநாட்டுக்கார ஐயாவு அசல் துரைக் குரலில் "கான்ஸ்டெலேஷன்" என்றான். "ரோதை சீமைச் சாமான்தானேங்க, முனி வேற என்ன பாஷ பேசும்?" என்றாள் கங்காணி பெண்சாதி மூக்காயி. எல்லோரும் அர்த்தம் கேட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்றால் கணக்கப்பிள்ளை உத்தியோகத்துக்கு என்ன மரியாதை? "மாட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் மாட்டுப்பட்டியில் ஒரு பசு எழுந்திருக்கவில்லை. அடுத்த வெள்ளி "ரெஃப்ரிஜரேஷன்" என்றான், அதே ஷன் வால். "தீ" என்றேன். கொட்டுகிற மழையிலேயே கொழுந்து வாட்டும் மாடி எரிந்தது. நம் இங்கிலீஷ் இவ்வளவு ஆழமா என்று எனக்கே பயமாகிவிட்டது, மச்சான்.

நேற்று வெள்ளையம்மாவுக்கு வாக்குக் கேட்டோம். ஐயாவு கண்ணைத் திறக்காமலே அவள் வயிற்றுப் பக்கம் திரும்பி, மெதுவாக, "எக்ஸ்டெர்மினேஷன்" என்றான். இந்த வால் முளைத்த வார்த்தை எதுவும் வெறுங்கையோடு வருவதில்லையே. "என்ன அர்த்தம்னு சொல்லுங்கப்பா" என்று பிள்ளை சோறு இறங்காமல் கேட்கிறாள். ஒரே மகள், மச்சான். கோர்ட்டுப் புத்தகத்தில் பார்த்து உண்மையான அர்த்தத்தை மறு தபாலில் எழுதவும்.

தங்கச்சிக்கு என் அன்பும், குழந்தைகளுக்கு நூறு வயசுக்கான ஆசியும்.

இப்படிக்கு,
பழனியாண்டி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் புவாட் வந்தார். முதல் வார்த்தைக்கு நட்சத்திரக் கூட்டம் என்றும், இரண்டாவதற்குக் குளிர வைப்பது என்றும் சொன்னார். அப்படியென்றால் பசு செத்ததும் மாடி எரிந்ததும் முனி வாக்கால் இல்லை, நான் சொன்ன அர்த்தத்தால். மூன்றாவதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அவர் வாயைத் திறக்குமுன் என் கையால் பொத்திவிட்டேன். உள்ளே போய், "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கும்னு அர்த்தம்மா" என்றேன். அவள் சாப்பிட்டாள். ஆகையால் ஒன்றும் எழுத வேண்டாம். உங்களுக்கு அர்த்தம் முன்பே தெரிந்திருந்தால், உங்கள் அக்கா மேல் ஆணை, அதை வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.