புஜைரா மலையிலிருந்து நான் இறங்கிய லட்சணம்

மலை ஏறுவதை எந்த மடையனும் செய்துவிடுவான். இறங்கும்போதுதான் அவன் யோக்கியதை தெரியும். என் யோக்கியதை வளைகுடாவில், துபாய்க்குக் கிழக்கே இருக்கிற புஜைராவில் தெரிந்தது.

அங்கே எண்ணெய்க் கிடங்கில் எனக்குப் பெயின்டர் வேலை. ஊரில் என் மனைவி செல்விக்கு ஒன்பதாம் மாதம். பிரசவம் நல்லபடியாக முடிய, அதற்கு முன்னால் நான் பழனி மலை ஏறுவதாக வேண்டுதல். லீவு கேட்டேன். ஃபோர்மேன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "லீவ் மாஃபி" என்றார். இல்லை என்றால் இல்லைதான்.

போனில் சொன்னபோது செல்வி அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "குன்று இருக்கிற இடமெல்லாம் குமரன் இருப்பான்னு சொல்லுவாங்கல்ல? அங்க ஒரு மலைகூடவா இல்ல?" என்றாள்.

மலைக்கா பஞ்சம்! ஞாயிறு விடிந்ததும் ரூமில் கூட இருந்த யாழ்ப்பாணத்துச் சிவத்தைக் கிளப்பிக்கொண்டு போனேன். நாங்கள் பிடித்த குன்றுக்குப் பெயரும் இல்லை, ஆளும் இல்லை. அடிவாரத்தில் முதல் வேலையாக சேஃப்டி ஷூவைக் கழற்றி வைத்தேன். (முருகன் மலையில் செருப்புக் காலோடு ஏறுவதா?)

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? இஞ்ச படியும் இல்லை, கோயிலும் இல்லை. சப்பாத்தைப் போடுங்கோ."

"வேண்டுதல்டா தம்பி. நீ வேணா போட்டுக்க."

காலைக் குளிரில் ஏறிவிட்டேன். உச்சியில் ஆட்டுப் புழுக்கையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கிழக்கே கடல். வரிசையாகக் கப்பல்கள். அதற்கும் அந்தப் பக்கம் செல்வி. கும்பிட்ட கையை இறக்கத் தோன்றவில்லை. வேறு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு நிமிடம் அவள் பக்கத்தில் நின்றால் போதும் என்றிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "வெயில் ஏறுது, வாங்கோ" என்று சிவம் இரண்டு தடவை கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

எழுந்து காலை வைத்தால், பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

"நில்லுங்கோ, நான் போய்ச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம். வேண்டுதல் பலிக்காமப் போயிடும்." (வீராப்புக்குக் குறைச்சலில்லை.)

கால் பதிக்க முடியாதவன் எப்படி இறங்குவான்? உட்கார்ந்துதான். இரண்டு காலையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, மிச்சமிருந்த பாகத்தால் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். பாதி மலையில் பேன்ட் கிழிந்தது. முக்கால் மலையில் அதற்கு உள்ளே இருந்ததும் கிழிந்தது. முருகன் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சிவம் மூடவில்லை, வீடியோ எடுத்துச் செல்விக்கே அனுப்பிவிட்டான்.

ஒரு வாரம் நான் குப்புறப் படுத்துத் தூங்கினேன். செல்வி அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தபடியேதான் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். சுகப்பிரசவம், பெண் குழந்தை.

அந்தக் குழந்தை தவழவே இல்லை. காலைத் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே வீடெல்லாம் நகர்ந்தது. "அப்பன் மலை இறங்குனது பிள்ளைக்கு வந்திருச்சு" என்று ஊரே பார்க்க வந்தது. நான் ரூமில் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இப்போது அவளுக்கு நாலு வயது. நடுவில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போய் வந்தேன், அது அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "அப்பா எப்படிடி மலை இறங்குனாரு?" என்று கேட்கிறார்கள். அவளும் கட்டிலிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு சறுக்கிக் காட்டுகிறாள். போன வாரம் அப்படிக் காட்டிவிட்டு போனுக்குக் கிட்டே வந்தாள்.

"நான் செய்யறது சரியாப்பா? நீங்க நேர்ல வந்து ஒரு தடவை இறங்கிக் காட்டுங்க."